மறு: தைராய்டு குறைவால் வரும் சோகைக்கு என்ன பெயர்?

> கேடயக்குறைச் சோகை என்று வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது, கிரேக்க மூலத்துக்கும் பொருந்துகிறது.

காக்கா (அண்ணா), கிரேக்கத்தில் தைரியோஸ் கேடயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் பெயர் தேடுவது மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கம் கொடுக்கப்போகிற துண்டறிக்கைக்கு. இங்கே கடற்பாசி எடுக்கிற அக்காமார் "எனக்குத் தைராய்டு இருக்கு" என்றுதான் சொல்வார்கள். சுரப்பி எல்லோருக்கும் உண்டு, நோயைத்தான் சொல்கிறார்கள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும். அவ்வளவு ஊறிப்போன சொல்லைப் பிடுங்கிக்கொண்டு கேடயத்தைக் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? தைராய்டு தைராய்டாகவே இருக்கட்டும்.

எனக்குப் பெரிய சிக்கல் "குறை"யில்தான். சோகை என்றாலே இரும்புக்குறை என்று மனதில் பதிந்துவிட்டது. இரத்தம் கம்மி என்று சொன்ன உடனே கீரை, பேரீச்சை, சத்து மாத்திரை. தைராய்டால் நேரடியாக வருகிற சோகையின் கதை வேறு. ஹார்மோன் இறங்கியதும் வளர்சிதைமாற்றம் தளர்கிறது, திசுக்கள் கேட்கிற ஆக்சிஜனும் குறைகிறது. அதற்கேற்பச் சிறுநீரகம், சிவப்பணுவை ஆக்கத் தூண்டுகிற எரித்ரோபொயட்டின் ஹார்மோனைக் குறைத்துக்கொள்கிறது. தைராய்டு ஹார்மோன் சிவப்பணு உருவாகிற எலும்பு மஜ்ஜைக்கு நேராகத் தருகிற தூண்டுதலும் போய்விடுகிறது. வெளியே வருகிற சிவப்பணு அளவிலும் நிறத்திலும் சரியாகத்தான் இருக்கும், எண்ணிக்கைதான் போதாது. சராசரி அணுப் பருமன் இயல்பான 80-100 ஃபெம்டோலிட்டருக்குள்ளேயே நிற்கும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் சரியாக இருந்தால், இரும்பு மாத்திரையை அட்டை அட்டையாகத் தின்றாலும் ஹீமோகுளோபின் ஏறாது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின்தான் ஏற்றும். அதுவும் மெதுவாக, மாதக்கணக்கில். சிவப்பணுவின் ஆயுளே ஏறக்குறைய 120 நாள் அல்லவா.

ஆகவே என் முன்மொழிவு: தாழ்சுரப்புச் சோகை. தாழ்ந்தது சுரப்பு, இரும்பு இல்லை என்பது பெயரிலேயே தெரிகிறது. மிகைசுரப்புக்கு எதிர்ச்சொல்லாகவும் நிற்கும். முதலில் மந்தச் சோகை என்று யோசித்தேன். மந்தம் என்றால் நம் பக்கம் வயிற்றுக் கோளாறு, இல்லாவிட்டால் திட்டு. விட்டுவிட்டேன்.

இரும்பு உண்மையிலேயே குறைகிறவர்களும் உண்டு. தாழ்சுரப்பில் மாதவிடாய்ப் போக்கு அதிகமாகலாம். வயிற்றில் அமிலம் குறைந்து, சாப்பாட்டிலுள்ள இரும்பும் சரியாக உடம்பில் சேராது. அப்போது அணு சிறுத்து வெளுத்துவிடும். இது திரும்பியும் அடிக்கும்: தைராய்டு ஹார்மோனை ஆக்குகிற பெராக்சிடேஸ் நொதிக்கு இரும்பு உள்ள ஹீம் வேண்டும், இரும்பு வற்றினால் சுரப்பும் சோர்ந்துவிடும். இந்த வகைக்குத் "தைராய்டுவழி இரும்புக்குறைச் சோகை" சரிவருமா?

பெயர் எதுவானாலும் துண்டறிக்கையில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். தைராக்சினுக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம். விடியுமுன் வள்ளம் ஏறுகிற அவசரத்தில் இரண்டையும் ஒரே டீயோடு விழுங்கிவிட்டால், இரும்பு தைராக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும், டீ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மாத்திரையும் பாதி வீண்.

மண்டபத்திலிருந்து

---

தங்கச்சி, கேடயத்தைக் கீழே போட்டுவிட்டேன். தாழ்சுரப்புச் சோகைக்கு என் ஓட்டு.

"தைராய்டுவழி" வேண்டாம். தாய்வழி, தந்தைவழி மாதிரிப் பரம்பரை நோய் என்று நினைத்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "தைராய்டு சார்" என்று போடு, போதும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறதே, பி12 வைட்டமின் குறைந்து சிவப்பணு அளவில் பெருத்துவிடுகிற வகை. ஹாஷிமோட்டோ நோய் (உடம்பின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குவது) உள்ளவர்களில் சிலருக்கு எதிர்ப்பாற்றல் தைராய்டோடு நிற்காமல் இரைப்பையையும் தாக்கும், அப்புறம் பி12 உடம்பில் ஏறாது. அது தைராய்டால் வருவதில்லை, தைராய்டு நோயோடு சேர்ந்து வருவது. அங்கே "சார்" போட்டால் பொய்யாகிவிடும். "பேரணுச் சோகை" என்று மட்டும் வைத்தால் கூட வருகிற சங்கதி விட்டுப்போகிறது. "உடன்" சேர்த்துப் பார்த்தேன், உடன்பிறப்பு மாதிரி கேட்கிறது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடலாம்.

கீழக்கரையிலிருந்து