ராஸ்பெர்ரி பையில் வரும் பிழை மிரியில் வர மறுக்கிறது

கேள்வி: ரஸ்ட் நிரல்மொழியில் இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் கிளைகள்). ஒன்று, தொடக்கத்தில் 0 உள்ள ‘தரவு’ என்ற அட்டாமிக்கில் (த்ரெட்கள் பூட்டில்லாமல் பகிரும் மாறி) 42 எழுதிவிட்டுத் ‘தயார்’ கொடியை உயர்த்துகிறது. மற்றது கொடி உயரும்வரை சுற்றிக் காத்திருந்து தரவைப் படிக்கிறது. எழுதுவதும் படிப்பதுமான நான்கு செயல்களும் ரிலாக்ஸ்டு, அதாவது வெவ்வேறு மாறிகளுக்கிடையே வரிசைக்கு உத்தரவாதம் இல்லாதவை. தவறு என்று தெரியும். அதை, ரஸ்ட் நிரலை ஓட்டிப் பிழை தேடும் மிரி கருவியில் பிடித்துக் காட்ட வேண்டும். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் சில்லு) மடிக்கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் 42. ஆர்ம் சில்லுள்ள ராஸ்பெர்ரி பை 4 சிறுகணினியில் எப்போதாவது 0. மிரியிலும் 42தான் வருகிறது. ஏன்?

பதில் 1: நினைவகத்தில் எழுதும் இரண்டு செயல்களை எக்ஸ்86 சில்லு இடம் மாற்றிக் காட்டாது, ஆர்ம் காட்டலாம். மிரி ஒவ்வோர் அட்டாமிக்குக்கும் பழைய மதிப்புகளைச் சேர்த்துவைத்து, படிக்கும்போது அனுமதிக்கப்பட்டவற்றில் ஒன்றைக் குலுக்கி எடுக்கிறது. குலுக்கலைத் தொடங்கிவைக்கும் விதை எண் மாறாவிட்டால் ஓட்டமும் மாறாது. பல விதைகளில் ஓட்டும் ‘மெனி சீட்ஸ்’ தேர்வைக் கொடுத்து ஓட்டுங்கள்.

கேட்டவர்: 64 விதைகளிலும் 42.

பதில் 2: நண்பரே, நடுவில் பிரிண்ட்எல்என் (திரையில் அச்சிடும் வரி) எதுவும் இருக்கிறதா?

கேட்டவர்: இருக்கிறது. மிரியில் ஓட்டம் புரிவதற்காகச் சேர்த்தேன். தரவை எழுதியதும் ஒன்று, கொடியைப் பார்த்ததும் ஒன்று.

பதில் 2: அதுதான் வில்லன். அச்சிட இரு த்ரெட்களும் ஒரே பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடுவது) பிடிக்கின்றன. முதலாவது விட்ட பூட்டை அடுத்தது பிடிக்கும்போது, அதற்கு முன் எழுதிய 42 கட்டாயம் கண்ணில் படும்; 0 என்பது அனுமதிக்கப்பட்ட விடையே அல்ல. பிழையைத் தேடப் போட்ட வரியே பிழையை மூடிவிட்டது. ஜாயினுக்குப் (த்ரெட் முடியும்வரை காத்திருப்பது) பிறகு தரவைப் படித்துச் சரிபார்த்தாலும் இதே கதைதான்.

கேட்டவர்: இரண்டு வரிகளையும் நீக்கினேன். சில விதைகளிலேயே 0 வந்துவிட்டது! கொடியை எழுதும் இடத்தில் ரிலீஸ், படிக்கும் இடத்தில் அக்வயர் (கொடிக்கு முன் எழுதியதெல்லாம் கொடியைப் பார்த்த த்ரெட்டுக்குத் தெரியும் என்று உறுதிசெய்யும் ஜோடி) போட்டதும் 64-உம் சுத்தம். தரவு ரிலாக்ஸ்டாகவே இருக்கிறது. இனி நிம்மதியாகத் தூங்கலாமா?

பதில் 3: இந்த நிரலுக்குத் தூங்கலாம், ரிலீஸ்–அக்வயர் ஜோடியே போதும். ஆனால் மிரி எல்லாவற்றையும் காட்டாது. ஏற்கெனவே எழுதப்பட்ட மதிப்புகளிலிருந்துதான் அது படிக்கிறது. பின்னால் எழுதப்படப்போகும் மதிப்பை முன்கூட்டியே படித்துவிடும் ‘லோடு பஃபரிங்’ ரிலாக்ஸ்டில் அனுமதிக்கப்பட்டது; மிரியில் அது ஒருபோதும் வராது. சாத்தியங்களை முறையாக அலச வேண்டுமானால் லூம் என்ற ரஸ்ட் சோதனை நூலகம் இருக்கிறது. த்ரெட்கள் கூடினால் நேரம் எகிறும், எல்லா த்ரெட்களுக்கும் ஒரே வரிசையைக் காட்டும் சீக்வென்ஷியல் ஒழுங்கையும் அது முழுதாகப் பின்பற்றாது.