நல்லூர்த் தேருக்கு அஞ்சு இரவு: கட்டுப்படியாகிற வீடு எந்தப் பக்கம் தேடலாம்?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவில தேர், தீர்த்தம் ரெண்டும் பார்க்கிற மாதிரி அஞ்சு இரவு யாழ்ப்பாணத்தில நிக்க வேணும். மொத்தம் ஆறு பேர்: நாங்கள் ரெண்டு பேர், அம்மா, மாமி, பிள்ளையள் ரெண்டு. அம்மாவுக்கு 72 வயசு, முழங்கால் வருத்தம், குந்தி எழும்ப ஏலாது. அறை பதியிற ஆப்பில பார்த்தால் கோயிலடியில ஒரு ஏசி அறை இரவுக்கு 24,000 காட்டுது. ரெண்டு அறை, அஞ்சு இரவு எண்டால் 240,000. எங்களால இரவுக்கு மொத்தமா 15,000, மிஞ்சினால் 18,000தான் குடுக்கலாம். சுன்னாகத்தில முழு வீடு ஒண்டு 9,000க்குத் தாறம் எண்டு ஒருத்தர் சொல்லுறார். எடுக்கலாமோ? வாகனம் இல்லை, இரவு பஸ்ஸிலதான் வருவம்.

முத்திரைச்சந்தி:
முதல்ல திகதியைப் பாருங்கோ. கொடியேற்றம் ஆடி அமாவாசையையும் சேர்த்து எண்ணினால் ஆறாம் நாள். அங்க இருந்து 25 நாள். 23 சப்பறம், 24 தேர், 25 தீர்த்தம். 2024இல கொடி ஓகஸ்ட் 9, 2025இல யூலை 29. போன வருசத் திகதியை வைச்சு அட்வான்ஸ் கட்டிப்போட்டு பேந்து மாத்தச் சொல்லி மன்றாடுற ஆக்கள் ஒவ்வொரு வருசமும் இருக்கினம். பஞ்சாங்கத்தைப் பாருங்கோ, வீட்டுக்காரரிட்டயும் திகதியாச் சொல்லாமல் "23ஆம் திருவிழா இரவு, 24ஆம் திருவிழா இரவு" எண்டு கேளுங்கோ. அவைக்கு அந்தக் கணக்குத்தான் உடன விளங்கும்.

சுன்னாகம் வேண்டாம். பட்டணத்தில இருந்து 10 கிலோமீற்றர். ஆறு பேருக்கு ஒரு ஓட்டோ காணாது, ரெண்டு வேணும். காலமையும் பின்னேரமும் போய்வர நாலு பயணம், ரெண்டு ஓட்டோவாப் பார்த்தால் நாளுக்கு எட்டு ஓட்டம். ஒரு ஓட்டம் 1,000 எண்டு வைச்சாலும் 8,000. வீட்டுக் காசோட 17,000 வந்திட்டுது. இரவுத் திருவிழா முடிய எல்லாரும் ஒரே நேரத்தில ஓட்டோ தேடுவினம், அப்ப அந்த 1,000க்கும் வராது. பஸ் இருக்கு, ஆனால் திருவிழா முடியிற நேரத்துக்கு நம்பேலாது.

கோயிலடியும் நான் சொல்லமாட்டன். திருவிழாக் காலத்தில கோயிலைச் சுத்தி வீதித்தடை போடுவினம். உள்ளுக்க வாகனம் விடாயினம், பருத்தித்துறை வீதியால போற பஸ்ஸையும் வேற பாதையால திருப்புவினம். தடைக்கு உள்ள வீடெடுத்தால் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அம்மாவையும் நடத்திக்கொண்டு போக வேணும். பக்கத்து வளவெல்லாம் சைக்கிள் பார்க். நடுச்சாமம் வரைக்கும் மோட்டர்சைக்கிள் எடுக்கிற சத்தம், விடிய வெள்ளென லவுட்ஸ்பீக்கர். பிரதட்டை அடிக்கிற (கோயில் வீதியில உருண்டு கும்பிடுற) ஆம்பிளையளுக்கு மட்டும் கோயிலடி பிரயோசனம், அவை இருட்டோட போக வேணும்.

உங்களுக்குத் தேவை தடைக்கு வெளியால, நடந்தும் போகக்கூடிய வட்டம்: கல்வியங்காடு, ஆடியபாதம் வீதிப் பக்கம், கச்சேரி நல்லூர் வீதியின்ர கீழ்ப்பக்கம், அரியாலையின்ர நல்லூர்ப் பக்க ஒழுங்கையள், திருநெல்வேலியில சந்தைக்கு இஞ்சால. எல்லாம் கோயிலில இருந்து ரெண்டு கிலோமீற்றருக்குள்ள. ஓட்டோ தடை வரைக்கும் வரும், மிச்சம் கொஞ்சத் தூரம்தான் நடை. அதுக்கு அங்கால எண்டால் கொக்குவில், கோண்டாவில் வரைக்கும் போகலாம். அதைத் தாண்டினால் சுன்னாகத்துக் கதைதான்.

அறையாத் தேடாதேங்கோ, வீடாத் தேடுங்கோ. ஆறு பேருக்கு ரெண்டு அறை எடுக்கிற காசில ரெண்டு அறை வீடும் குசினியும் கிடைக்கும். வெளிநாட்டில இருக்கிற ஆக்களின்ர வீடுகள் கனக்க, சாவி பக்கத்து வீட்டிலயோ சொந்தக்காரரிட்டயோ இருக்கும். அதுகளில முக்காவாசி ஆப்பில இல்லை. இருக்கிறதுகளும் ஆப்புக்குப் போற கமிசனை விலையில ஏத்தித்தான் போட்டிருக்கும்.

கோண்டாவில் கிணத்தடி:
அண்ணை சொன்ன வட்டம் சரி. திருநெல்வேலியில மட்டும் ஒரு கவனம். கம்பஸ் பிள்ளையளுக்கு விடுற அறையளை லீவில நாள் வாடகைக்கும் விடுவினம். விலை மலிவு, ஆனால் கக்கூஸ் வெளியால, கனக்க இடத்தில குந்துற மாதிரி. அம்மாவுக்குச் சரிவராது. "பாத்ரூம் உள்ளுக்கயோ, கொமட்டோ, வாசலில எத்தினை படி" எண்டு மூண்டையும் கேட்டு, வாட்ஸ்அப்பில படமும் வாங்குங்கோ. படத்தில கொமட் தெரிஞ்சால் மட்டும் காணாது, பக்கத்தில பிடிக்க ஏதும் இருக்கோ எண்டும் பாருங்கோ.

கறண்ட் காசுதான் பிறகு சண்டை வாற இடம். வீட்டுப் பாவனைக்குக் கட்டணம் படிப்படியா ஏறும். மாசம் 180 யூனிட்டைத் தாண்டினால் மேல்படி விலை. பழைய ஏசி ஒண்டு மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். ரெண்டு ஏசி, இரவுக்கு 9 மணித்தியாலம், அஞ்சு இரவு: 90 யூனிட். வீட்டுக்காரரின்ர மாசப் பில் அதால ஒரேயடியா மேல்படிக்குப் போயிடும். அதாலதான் "ஏசி போட்டால் தனிக் காசு" எண்டினம், அது நியாயம்தான். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு எண்டு முதலே பேசி, வந்த உடனயும் வெளிக்கிடேக்கயும் மீற்றரைப் படம் எடுங்கோ. "ஒரு அறைக்கு ஏசி, மற்றதுக்கு ஃபான்" எண்டு கேட்டால் விலையும் குறையும்.

தண்ணி. குருநகர், நாவாந்துறை மாதிரிக் கடற்கரைப் பக்கம் கிணறு உவர். கோண்டாவில், கொக்குவில் பக்கம் நல்ல தண்ணி, ஆனால் சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி, சவர்க்காரம் லேசில நுரைக்காது. பிள்ளையளுக்குக் குடிக்க 19 லீற்றர்ப் போத்தல் வாங்குங்கோ. கறண்ட் போனால் மோட்டர் ஓடாது, தாங்கி எத்தினை லீற்றர் எண்டு கேட்டு வையுங்கோ. ஆறு பேர் விடிய ஒரே நேரத்தில தலை முழுகினால் 500 லீற்றர்த் தாங்கி சப்பறத்தண்டைக்கே வறண்டுபோம். 1,000 எண்டால் பயமில்லை.

கொடியேறினால் கன வீட்டில மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க விடாயினம். பிள்ளையளுக்கு முட்டை பொரிக்கலாமோ எண்டதைக்கூட முதலே கேளுங்கோ, பிறகு முகத்தைச் சுழிச்சுக்கொண்டு நிக்கத் தேவையில்லை.

ஹோட்டல்தான் எண்டு போனால் "ப்ளஸ் ப்ளஸ்" எண்ட விலையைப் பார்த்து ஏமாறாதேங்கோ. சேவைக் கட்டணம் 10 வீதம், வற் வரி 18 வீதம். 10,000 எண்டு எழுதினது 12,800க்குக் குறையாமல் முடியும்.

வெள்ளவத்தைவாசி:
ரெண்டு பேருக்கும் நன்றி. கல்வியங்காட்டில ஒரு வீடு கண்டிருக்கிறன், இரவுக்கு 16,000, ரெண்டு அறை, ஒண்டில ஏசி. முழுக் காசையும் இண்டைக்கே பாங்கில போடச் சொல்லுறார், இல்லாட்டி வேற ஆக்களுக்குக் குடுத்திடுவாராம். போடலாமோ? தேரண்டைக்கு மட்டும் அம்மாவுக்கு கோயிலடியில ஒரு அறை எடுக்கிறது எப்பிடி?

முத்திரைச்சந்தி:
முழுக் காசு போடாதேங்கோ தம்பி. நாலில ஒரு பங்கு அட்வான்ஸ், மிச்சம் சாவி தரேக்க. அதுக்கும் முதல் வீடியோ கோல் எடுத்து, ஒழுங்கை முகப்பில இருந்து கேற் தாண்டி குசினி வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கோ. பொய்க்காரர் அடுத்தவன்ர வீட்டுப் படத்தை அனுப்புவான், நடந்து காட்டமாட்டான். காசு போடுற கணக்கின்ர பேரும் கதைக்கிற ஆளின்ர பேரும் ஒண்டோ எண்டு பாருங்கோ. வேறயா இருந்தால் ஏன் எண்டு கேளுங்கோ, சொந்தக்காரர் லண்டனிலயோ கனடாவிலயோ இருக்கிறது இஞ்ச வழமைதான்.

மற்றப் பக்கத்தாலயும் பிசகும். கொடியேறினாப் பிறகு வெளிநாட்டில இருந்து வாற ஆரும் ரெண்டு மடங்கு சொன்னால், வாய்ப்பேச்சை மறக்கிற வீட்டுக்காரரும் இருக்கினம். அதால திருவிழா நாள், ஆக்கள் தொகை, மொத்தக் காசு, அட்வான்ஸ், ஏசிக் கணக்கு எல்லாத்தையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியா எழுதி "ஓம்" எண்டு பதில் வாங்குங்கோ. கொடிக்கு முதல் ஒருக்கா, வர ரெண்டு நாளைக்கு முதல் ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ.

தேருக்கு மட்டும் ஒரு இரவு அறை எண்டது கடைசி மூண்டு நாளில கஷ்டம், கன பேர் குறைஞ்சது மூண்டு இரவு கேப்பினம். அம்மாவுக்கு அமைதியாக் கும்பிடுறதுதான் முக்கியமெண்டால், என்னைக் கேட்டால், கொடிக்கும் பத்தாம் திருவிழா மஞ்சத்துக்கும் இடையில ஒரு கிழமை நாளில கூட்டிக்கொண்டு வாங்கோ. சனம் குறைவு, அதே வீடு விலையும் இறங்கும். தேர்தான் வேணுமெண்டால் காலமை ஏழு மணியளவில இருப்பை விட்டு வெளிக்கிடும், வெயிலுக்கு முதல் வீட்டுக்கு வந்திடலாம். அண்டைக்கு ஓட்டோவை முதல் நாள் இரவே பேசி வையுங்கோ.

கோண்டாவில் கிணத்தடி:
ஒண்டு விடுபட்டுப் போச்சு. இரவு பஸ் விடிய நாலரை, அஞ்சுக்கு வந்து இறக்கிப்போடும். வீட்டுக்காரர் "பன்ரெண்டு மணிக்கு வாங்கோ" எண்டுவார், முந்தின ஆக்கள் அண்டைக்குத்தான் வெளிக்கிடுவினம். முதல் நாள் இரவையும் சேர்த்து எடுக்கத் தேவையில்லை. விறாந்தையில சாமான் வைக்கவும், முகம் கழுவவும், அம்மா சாயிறதுக்கு ஒரு கட்டிலும் தருவியளோ எண்டு கேளுங்கோ, கன பேர் ஓம் எண்டுவினம். நேரத்தைச் சொல்லி, கேற் துறக்க ஆள் நிக்கவும் நாயைக் கட்டவும் சொல்லுங்கோ.