சதுப்பு நிலமா, பனிக்காடா: மர்ம நாவலுக்குள் இயற்கைக்கு என்ன வேலை?

செங்காந்தள்:
மர்மம், குடும்ப இழப்பு, இயற்கை மூன்றும் பின்னிய அண்மைக்கால நாவல்களில் எனக்கு முதலிடம் டெலியா ஓவன்ஸின் 'வேர் த க்ராடாட்ஸ் சிங்' (2018). கதையின் முடிவையும் சொல்லித்தான் வாதாடப் போகிறேன். படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வட கரோலினாவின் கடலோரச் சதுப்பு. 1952இல் ஆறு வயது கயாவின் அம்மா கையில் நீலப் பெட்டியுடன், போலி முதலைத்தோல் காலணி அணிந்து மண்பாதையில் நடந்து போகிறாள். பாதை திரும்பும் இடத்தில் வழக்கமாகக் கையசைப்பவள் அன்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டார்கள் என்று ஜோடி (Jodie) என்ற அண்ணன் தேற்றுகிறான். குட்டிகளை விட்டுப் போன நரியைப் பற்றி நீதானே சொன்னாய் என்று கேட்கிறாள் கயா. அதற்குக் கால் கிழிந்திருந்தது, குட்டிகளுக்கு இரை தேடப் போயிருந்தால் தானும் பட்டினியில் செத்திருக்கும் என்கிறான் அவன். தாய் ஏன் போனாள் என்பதற்கு அந்தச் சிறுமிக்குக் கிடைக்கும் ஒரே விளக்கம் அந்த நரிதான்.

1969இல் கயாவின் முன்னாள் காதலன் சேஸ் ஆண்ட்ரூஸின் பிணம் தீ கண்காணிப்புக் கோபுரத்தின் அடியில் கிடக்கிறது. சேற்றில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. கொன்றது யார் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே மின்மினிகளிடம் சொல்லி வைத்துவிடுகிறார். ஒரு வகைப் பெண் மின்மினி, வேறு இனத்துப் பெண்ணின் ஒளிக்குறியைப் போலியாக மின்னி, நம்பி வரும் ஆணைத் தின்றுவிடும். இது உண்மையான உயிரியல், கற்பனை அல்ல. சொல்ல வந்ததை இயற்கைக் காட்சிக்குள் மறைத்துச் சொல்வதைச் சங்கப் பாடலில் உள்ளுறை என்று நாம் படித்தோமே, அதே வேலையை அந்தப் பூச்சி இங்கே செய்கிறது.

பாலைக்கிளி:
அந்த மின்மினியில்தான் எனக்குச் சண்டை. பெண் பூச்சி ஆணைத் தின்கிறது, ஆகவே கயா சேஸைக் கொன்றதை நாம் புரிந்துகொள்ள வேண்டும் என்று நாவல் நம்மை நகர்த்துகிறது. மனிதர் செய்த காரியத்துக்குப் பூச்சி சாட்சி சொல்ல முடியாது. இயற்கை இங்கே குற்றவாளியின் வழக்கறிஞராக வந்து நிற்கிறது. இன்னொன்று, கயாவுக்குச் சோறும் துணியும் கிடைக்க வழிசெய்யும் ஜம்பினும் மேபெலும் கறுப்பினத்தவர்கள். இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த ஊரில் அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை இருந்திருக்குமே? நாவல் அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஓல்கா டோகார்சுக்கின் 'டிரைவ் யுவர் பிளவ் ஓவர் த போன்ஸ் ஆஃப் த டெட்' படியுங்கள். போலிஷ் மொழியில் 2009இல் வந்தது, ஆங்கிலத்தில் 2018இல். செக் எல்லையை ஒட்டிய மலைமேட்டில் தனியாக வாழும் முதியவள் யானினா. ஒருகாலத்தில் பாலங்கள் கட்டிய பொறியாளர். வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். விலங்குகள் பழிவாங்குகின்றன என்று அவள் போலீசுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறாள். காணாமல் போன அவளுடைய இரண்டு நாய்களும்தான் அவள் குடும்பம். நாய்களுக்குக் கல்லறை எழுப்புவது பாவம் என்று பாதிரியார் அவளுக்கு உபதேசம் செய்யும் பக்கத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்தேன். எங்கள் வீட்டு நாய் செத்தபோது "இதற்கெல்லாமா அழுவார்கள்" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! அந்தத் துக்கத்தைத் துக்கம் என்று ஏற்றுக்கொண்ட நாவல் இது.

அத்திமரம்:
நீங்கள் இருவரும் தனியாக வாழும் பெண்ணையும் அவளைப் புரிந்துகொள்ளும் காட்டையும் பற்றியே பேசுகிறீர்கள். காடு யாருக்குச் சொந்தம் என்று கேட்கும் நாவலும் உண்டு. லிஸ் மூரின் 'த காட் ஆஃப் த வுட்ஸ்' (2024). நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலைக்காடு. 1975 ஆகஸ்டில் கோடை முகாமிலிருந்து பார்பரா வான் லார் என்ற சிறுமி காணாமல் போகிறாள். 1961இல் 'பேர்' (Bear) என்று அழைக்கப்பட்ட அவளுடைய அண்ணன் அதே இடத்தில் காணாமல் போயிருக்கிறான். முகாமும் காடும் அவர்கள் குடும்பச் சொத்து. பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் வேலை செய்து பிழைக்கிறவர்கள்.

அந்த அண்ணன் ஏரியில் மூழ்கித்தான் இறந்தான். போதையில் இருந்த தாய் ஆலிஸ் அவனைப் படகில் அழைத்துப் போயிருந்தாள். குடும்ப மானத்துக்காக அதை மறைத்து, பழி ஓர் ஏழைத் தோட்டக்காரர் மேல் விழும்படி விட்டுவிடுகிறார்கள். அவரும் செத்துப்போகிறார். பணமுள்ள வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம்கூட இன்னொருவர் குடும்பத்தைத் தின்றுதான் ஆறுகிறது. இந்த உண்மைக்கு முன்னால் மின்மினி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பாலைக்கிளி:
நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்டில் ஒரு மரத்தின் பெயராவது உங்கள் நினைவில் நிற்கிறதா? வழி தவறினால் உட்கார்ந்து கத்து என்ற முகாமின் விதி நிற்கிறது, வீட்டின் பெயர் நிற்கிறது, மனிதர்கள் நிற்கிறார்கள். அதே கதையைக் கடற்கரை மாளிகையில் வைத்தாலும் நடந்துவிடும். டோகார்சுக்கிடம் அப்படி இடம் மாற்ற முடியாது. மரப்பட்டைக்கு அடியில் வாழும் சிவப்பு வண்டைத் தேடி வருகிறார் போரோஸ் என்ற பூச்சியியலாளர். அவரிடமிருந்து கிடைத்த வாசனைப் பொருள்தான் பிறகு ஒரு பிணத்தின் மேல் வண்டுகள் மொய்க்கக் காரணமாகிறது.

செங்காந்தள்:
பாலைக்கிளி, கயா மேல் சொன்ன குற்றச்சாட்டு யானினாவுக்கும் பொருந்துமே! அவள்தான் கொலைகாரி. மான் குளம்பைக் கொண்டு பனியில் தடம் பதித்துப் பழியை மான்கள் மேல் போட்டவள். அங்கேயும் விலங்குதானே சாட்சிக் கூண்டில் நிற்கிறது? ஜம்பின், மேபெல் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், அது அந்த நாவலின் உண்மையான குறை. ஆனால் சதுப்பு நிலத்தை ஓவன்ஸ் தாலாட்டுத் தொட்டிலாக மட்டும் காட்டவில்லை. துருப்பிடித்த ஆணி காலில் ஏறியதும், அந்தக் குழந்தை காலை உப்புநீரில் ஊறவைத்து, டெட்டனஸ் வந்து தாடை இறுகிவிட்டதா என்று வாயைத் திறந்து திறந்து பார்க்கிறாளே. கூப்பிட ஒரு மனிதர் இல்லாத நிலத்தில் ஆணி குத்தினால் என்ன ஆகும் என்பதை எனக்கு உணர்த்திய பக்கங்கள் அவை.

கடற்காகம்:
தாமதமாக வருகிறேன். சார்லட் மெக்கனாகியின் 'வைல்ட் டார்க் ஷோர்' (2025) இந்தப் பட்டியலில் இல்லாமல் எப்படி? ஷியர்வாட்டர் என்ற கற்பனைத் தீவு. டாஸ்மேனியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் உள்ள மக்வாரி தீவுதான் அதற்கு முன்மாதிரி. அங்கே ஒரு விதைக்காப்பகம். கடல் ஏறுகிறது, கட்டடம் கைவிடப்படுகிறது. மனைவியை இழந்த டொமினிக், மூன்று பிள்ளைகளுடன் அதைக் காவல் காக்கிறான். புயலில் ரோவன் என்ற பெண் கரை ஒதுங்குகிறாள். அவள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் குடும்பம் மறைப்பதற்கும் ஒன்று உண்டு.

டொமினிக் இறந்த மனைவியோடு பேசிக்கொண்டே இருக்கிறான். மகள் ஃபென் கடற்கரையில் சீல்களுக்கு நடுவே தூங்குகிறாள். ஒன்பது வயது ஓர்லி, காற்றில் அந்தத் தீவில் கொல்லப்பட்ட விலங்குகளின் குரல்களைக் கேட்கிறான். இது வெறும் பேய்க்கதை அல்ல. மக்வாரியில் எண்ணெய்க்காகப் பெங்குவின்களைக் கொப்பரையில் வேகவைத்த வரலாறு உண்மையானது. விதைக்காப்பகத்துக்குள் நீர் வருவதும் நடக்காத காரியம் அல்ல. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த காப்பகத்தின் நுழைவுச் சுரங்கத்தில் உருகிய நீர் புகுந்தது, நல்லவேளையாக விதைகளுக்கு ஆபத்தில்லை. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்றால் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? ஒரு தகப்பனுக்கும் ஒரு விதைக் கிடங்குக்கும் அதே கேள்வி. நீங்கள் சொன்ன மூன்று நாவல்களிலும் இழப்பு நடந்து முடிந்துவிட்டது. இதில் அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அத்திமரம்:
கருப்பொருள் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மை தெரிந்தவர்களே கதையைச் சொல்லிக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் வாசகரிடம் மறைப்பது எனக்கு ஏமாற்றாகப் படுகிறது. டொமினிக் தனக்குள் பேசும்போதுகூட அதை நினைக்கமாட்டானா? மூரின் நாவலில் யாருக்குத் தெரியுமோ அவருடைய பகுதி வரும்போது உண்மை வெளியே வந்துவிடுகிறது.

கடற்காகம்:
யானினாவும் கடைசிவரை மறைக்கிறாள். அதை இங்கே யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லையே!

பாலைக்கிளி:
அவள் மறைக்கவில்லை. முதலிலிருந்தே விலங்குகள் பழிவாங்குகின்றன என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். தன்னையும் அந்த விலங்குகளில் ஒருத்தியாக எண்ணிச் சொல்கிறாள் என்பது நமக்குத்தான் பிந்திப் புரிகிறது. செங்காந்தளுக்கும் இதுதான் என் பதில். கயா நீதிமன்றத்தில் வாய் திறக்காமல் விடுதலை பெறுகிறாள். யானினா காவல் நிலையத்துக்குத் தன் பெயரில் கடிதம் எழுதுகிறாள். பைத்தியக்காரக் கிழவி என்று ஒதுக்கியதால் யாரும் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

செங்காந்தள்:
கயாவை 'சதுப்புப் பெண்' என்று ஒதுக்கிய ஊரும் அதைத்தானே செய்தது? பேசியிருந்தால் மட்டும் அவளை யார் கேட்டிருப்பார்கள்? என் வரிசையில் ஓவன்ஸ்தான் முதலில், டோகார்சுக் இரண்டாவது. கடற்காகம் சொன்ன தீவை இன்னும் படிக்கவில்லை, அடுத்து அதுதான்.