புதுப்பிப்பு: கோப்புகளை அடுக்கும் மென்பொருள் என் பெட்டகத்தைக் கலைத்த கதை

திருகோணமலையில் நொத்தாரிசு ஒருவருக்காக நான் வருடிவைத்த (ஸ்கேன் செய்த) உறுதிப் பத்திரப் பிரதிகள், கிரிப்டோமேட்டர் என்ற, கோப்புகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கிப் பூட்டும் மென்பொருளின் பெட்டகத்தில் திறக்க மறுக்கின்றன என்று சென்ற வாரம் புலம்பியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. குற்றவாளி நான்தான்.

‘அறியாத வகைக் கோப்புகளை எல்லாம் இதர கோப்புறைக்கு நகர்த்து’ என்று அடுக்கும் மென்பொருளுக்கு நானே விதி எழுதியிருந்தேன். பெட்டகத்துக்குள் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாக மறைகுறியாக்கப்பட்டு, .சி9ஆர் என்ற பின்னொட்டோடு கிடக்கிறது. அது என்னவென்று தெரியாத மென்பொருள், பணிவோடு அள்ளிக்கொண்டு போய்விட்டது. திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறைகுறியாக்கிய பெயர், அது இருந்த கோப்புறையின் அடையாளத்தோடு பிணைக்கப்பட்டது. பழைய கோப்புறையிலேயே வைக்காவிட்டால் பெயரை விடுவிக்க முடியாது. நல்லவேளை, உப்புவெளி வீட்டில் காப்புப் பிரதி இருந்தது.

இப்போது பெட்டகக் கோப்புறையை விதிகளிலிருந்து முற்றாக விலக்கிவிட்டேன். பெட்டகத்தைத் திறந்தபின் கணினியில் தோன்றும் எக்ஸ் இயக்ககத்தில் (டிரைவில்) மட்டுமே அடுக்கல் நடக்கிறது. அந்த இயக்ககம் இல்லையென்றால் நிரல் உடனே நின்றுவிடும். இந்த வரியை எழுதித் தந்தவன் மருமகன்.

இன்னொன்றையும் தற்செயலாகக் கண்டேன். அடுக்கும் மென்பொருள் தான் செய்ததைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் நொத்தாரிசின் கட்சிக்காரர்களின் பெயர்கள் கொண்ட கோப்புப் பெயர்கள் அப்பட்டமாகக் கிடந்தன! பூட்டிய வீட்டின் வாசலில் பொருட்பட்டியலை ஒட்டிவைத்தது போல. பதிவேட்டையும் பெட்டகத்துக்குள் மாற்றிவிட்டேன்.