உறுப்பு தானம் கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள்?

தூறல்:
மூளைச்சாவு என்றார்கள், ஒருங்கிணைப்பாளர் தனி அறைக்குக் கூப்பிட்டார், அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஐந்து நிமிடம். தம்பியின் கையைப் பிடித்திருந்தேன். சூடாக இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. நகம் வளர்ந்து கிடந்தது, வீட்டுக்கு வந்ததும் வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு போய் உட்கார்ந்தவளிடம் கையெழுத்து கேட்டால்? வேண்டாம் என்றேன். மறுநாள் இதயமும் நின்றுவிட்டது. நாலு வருடமாகிறது, செய்தது சரியா தப்பா என்று இன்னும் அடித்துக்கொள்கிறது.

நிலைப்படி:
தூறல், நான் ஐசியுவில் நர்ஸாக இருந்தவள். கை சூடாகத்தான் இருக்கும். இதயம் துடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை, வென்டிலேட்டர் வழியாக ஆக்சிஜன் போனால் கொஞ்ச காலம் ஓடும். சிலருக்குக் கைகூட அசையும், அது தண்டுவடத்தின் வேலை. கோமாவிலிருந்து எழுந்தவர்கள் உண்டு, முறையாக உறுதிசெய்த மூளைச்சாவிலிருந்து யாரும் எழுந்ததில்லை. மூளைச்சாவை உறுதிசெய்யும் சோதனையின் கடைசியில் வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏறிய பிறகாவது மூச்சு வருகிறதா என்று சில நிமிடம் பார்ப்பார்கள். ஒரு பெண்ணின் அப்பா, நானும் கூட நிற்கட்டுமா என்று கேட்டார். மருத்துவர் சரி என்றார். மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றார். முடியாமல் அவர் மூச்சை இழுத்த சத்தம் மட்டும்தான் அந்த அறையில் கேட்டது. அதனால் எல்லாரும் இன்றைக்கே வீட்டில் பேசிவிடுங்கள், உறுப்பு தான அட்டையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள், அப்புறம் கண் தானத்துக்கு மூளைச்சாவு தேவையில்லை, வீட்டில் இறந்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் கருவிழி எடுக்கலாம், கண்ணாடி போட்டவர்களும் கொடுக்கலாம்.

கல்தூண்:
நிலைப்படி, சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் தூறல் பாடம் கேட்கவில்லையே. எங்கள் அப்பாவின் பர்ஸில் அட்டை இருந்தது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அதில் அவர் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அம்மா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. சட்டம் போட்டால் உறுப்புப் பற்றாக்குறை தீரும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஸ்பெயினில் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, மறுப்புச் சொல்லாத எல்லாரும் தானம் தருபவர்தான். ஆனாலும் அங்கே வீட்டாரைக் கேட்காமல் எடுப்பதில்லை. 1989இல் உறுப்பு மாற்றுக்கான தேசிய அமைப்பு வந்து, மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை நிறுத்திய பிறகுதான் தானம் தருபவர்களின் எண்ணிக்கை ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும்.

அகல்:
எனக்குக் கல்லீரல் வைத்தார்கள். யாருடையது என்று சொல்ல மாட்டார்கள், பெயர் போடாமல் கடிதம் எழுதலாம் என்றார்கள். ஏழு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நன்றி என்று எழுதினால் அந்தச் சாவுக்கு நன்றி சொன்னதுபோல இருக்கிறது. அதற்கு முன்பு ஒருமுறை கூப்பிட்டுவிட்டு வர வேண்டாம் என்றார்கள், அந்த வீட்டில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லையாம். முகம் தெரியாத அவர்மேல் அவ்வளவு கோபம் இருந்தது எனக்கு. தூறல், நகம் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

தூறல்:
நிலைப்படி, அந்தச் சோதனையைக் கூட நின்று பார்க்கலாம் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.