கம்பெனி வேலையை உள்ளபடி சொல்லும் நாவல் உண்டா?

வணக்கம் நண்பர்களே. கேரளத்தில் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வாளையார் தாண்டி தினமும் ரயில், கையில் ஏதாவது ஒரு நாவல். பாதிக் கதைகளில் முதலாளி ஒன்று கொலைகாரன், இல்லை கடைசியில் கதாநாயகியைக் கட்டிக்கொள்பவன். எங்கள் முதலாளிக்கு அவ்வளவு சிரமமே இல்லை. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு 12 மணி நேரம் வேலை வாங்குகிறார். நாளுக்கு 9 மணி நேரம் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது. கேட்டால் சிரிப்புதான்.

தேயிலைத் தோட்டக் கொடுமைக்கு ‘எரியும் பனிக்காடு’ இருக்கிறது. இன்றைய ஷிப்ட், கான்ட்ராக்ட் வாழ்க்கையை அப்படி எழுதிய நாவல் தமிழிலோ, மலையாளத்திலிருந்து மொழிபெயர்ப்பாகவோ உண்டா? அப்புறம், சான்றிதழைத் திரும்ப வாங்கிய அனுபவம் யாருக்காவது இருந்தால் தனியாகச் சொல்லுங்கள்.