சத்யஜித் ராயின் பேய்களைத் தேடிப் போனது

சத்யஜித் ராய் தம் திரைக்கதைகளை எழுதிவைத்த சிவப்புத் துணி அட்டைக் குறிப்பேடுகளை வங்காளிகள் 'கேரோர் காத்தா' என்பார்கள். வியாபாரிகள் கணக்கெழுதும் பேரேடுதான் அது. அந்தப் பக்கங்கள் சிலவற்றை மின்வருடிய படங்களாக இணையத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, வங்காளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாத எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. வசனத்துக்குப் பக்கத்திலேயே காட்சிச் சட்டகம் கோட்டோவியமாக இருக்கிறது, உடைகள் வரையப்பட்டிருக்கின்றன. விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலைக்குச் சேர்ந்து, புத்தக அட்டைகள் வரைந்து வளர்ந்த கை அல்லவா.

நான் தேடிப் போனது 'கூப்பி கைன் பாகா பைன்' (1969) படத்தின் பேய் நடனத்தை. அரசர்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரர்கள், தொந்தி பெருத்தவர்கள் என்று நான்கு வகைப் பேய்கள் அதில் ஆடும். தேடலின் நடுவே ராயின் பழைய நேர்காணல் ஒன்று அகப்பட்டது. நம்மூர்த் தாள வாத்தியக் கச்சேரியைக் கேட்டிருந்த அவர், பாட்டே இல்லாமல் தாளத்தைக் கொண்டே அந்த நடனத்தை அமைத்திருக்கிறார்: அரசர்களுக்கு மிருதங்கம், குடியானவர்களுக்குக் கஞ்சிரா, வெள்ளைக்காரர்களுக்குக் கடம், தொந்திக்காரர்களுக்கு மோர்சிங்.

என் சித்தப்பா கடம் வாசிப்பவர். அவரிடம் எதுவும் சொல்லாமல், படத்தையும் காட்டாமல், ஒலியை மட்டும் கேட்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டவர், "இது யாருடைய கச்சேரி?" என்றார். பேய்களுடையது என்றேன். கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். வெள்ளைக்காரனுக்குக் கடத்தைக் கொடுத்ததில் மட்டும் அவருக்கு இன்றுவரை வருத்தம் உண்டு. அதன் ஓசையில் ஒரு விறைப்பு இருப்பதை ராய் சரியாகவே பிடித்திருக்கிறார் என்பது என் கட்சி.

* * *

ஐயா, மேலே நீங்கள் எழுதிய பேய்களைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்; அவற்றைப் போல என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு தீ விபத்து. 1993 ஜூலையில் லண்டனில் ஒரு திரைப்பட ஆய்வகம் தீப்பற்றியபோது, அங்கே வைக்கப்பட்டிருந்த, அப்பு என்பவனின் கதையைச் சொல்லும் ராயின் மூன்று படங்களின் மூல நெகடிவ்கள் கருகிப்போயின. தூக்கி எறிந்திருக்க வேண்டிய அந்தச் சுருள்களை அமெரிக்காவின் ஆஸ்கர் அகாதமி ஆவணக் காப்பகம் பத்திரப்படுத்தியது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியின் பொலோஞா நகரத்தில் பழைய படங்களை மீட்கும் கூடம் ஒன்றில், காய்ந்து சுருண்ட படச்சுருளுக்கு ஈரப்பதம் ஏற்றி, உருகி ஒட்டிய பசையைச் சுரண்டி, கிழிந்த ஓரத் துளைகளைக் கையாலேயே சீர்செய்தார்கள். அந்த வேலையைக் காட்டும் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 விழுக்காடும் 'அபராஜிதோ'வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் அந்த மூலத்திலிருந்தே மீண்டன. மூன்றாவதான 'அபுர் சன்சார்' முழுவதையும் வேறு பிரதிகளிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

கல்லூரி நாட்களில் தொலைக்காட்சியில் பார்த்த 'பதேர் பாஞ்சாலி' எனக்குச் சாம்பல் மழையாகவே நினைவில் இருந்தது. மீட்கப்பட்ட வடிவத்தில் குளத்து நீரின் மேல் ஓடும் பூச்சிகளின் கால்கள் தெரிந்தபோது, காணொளியை நிறுத்திவிட்டு, கையுறை அணிந்து அந்தச் சுருளைப் பிரித்த விரல்களைக் காட்டும் பகுதியை மறுபடி ஓடவிட்டேன்.

* * *

உங்கள் இருவருக்கும் அடுத்து, மூன்றாவதாக நான் எழுதுவது வருத்தத்தோடு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தனி ரசிகர் ஒருவர் நடத்திய பக்கத்தில் ராயின் சுவரொட்டிகளையும் எழுத்துருக்களையும் இரவிரவாகப் பார்த்திருக்கிறேன். 'ரே ரோமன்' என்று அவர் வடிவமைத்த ஆங்கில எழுத்துரு ஒன்று இருப்பதே அங்கேதான் தெரியவந்தது. எப்போதும் இருக்கும் என்ற நினைப்பில் ஒரு படத்தைக்கூடச் சேமிக்கவில்லை. ஒரு நாள் முகவரியைத் தட்டினால் வெற்றுத் திரை. இப்போது எதைக் கண்டாலும் முதலில் இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

முதலில் எழுதிய நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: அந்த நடனத்தின் தாளக் கட்டைச் சித்தப்பா வாயால் கொன்னக்கோலாகச் சொல்ல வைத்து, ஒலிப்பதிவு செய்து இங்கே போடுங்களேன். கடத்தைப் பற்றிய வசவும் அதில் இருக்கட்டும்.